கடைசி ஆடு இறங்கும்வரை

அந்தக் காலத்தில் மிருகங்களுக்கெல்லாம் பேச்சு இருந்தது. வாய் இப்போதும் இருக்கிறது, பேச்சுதான் போய்விட்டது. போனது நல்லதுக்குத்தான் என்பேன் நான். ஆடு அப்போது வாயைத் திறந்தால் மூடாது. புலி கொஞ்சமாகப் பேசும், ஆனால் குத்திப் பேசும். இந்த இரண்டுக்கும் நடுவில் மனுஷர்கள் ஒரு வார்த்தை சொல்ல இடம் கிடைப்பதே பெரும்பாடு.

அப்போது கூம்புக்கரடு என்று ஒரு குன்று இருந்தது. எங்கே என்று கேட்காதீர்கள், கதை நகராது. தூரத்திலிருந்து பார்த்தால் முக்கோணமாய் நிற்கும். அதன் முகப்பில் இருபத்துமூன்று பாறைகள் துருத்திக்கொண்டிருந்தன. உச்சியில் ஒன்று, அதற்குக் கீழே ஆறு ஆறாக மூன்று வரிசை, அடியில் நாலு. சந்தேகம் இருந்தால் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பாறையில் ஓர் உயிர்தான் நாலு காலையும் ஊன்றி நிற்கலாம். இன்னோர் உயிருக்கு அங்கே ஒரு குளம்பு வைக்கவும் இடம் கிடையாது. ஒரு பாறையிலிருந்து அடுத்த பாறைக்கு வரப்பு அகலத்தில் ஒரு கல் விளிம்பு ஓடும். அதில் நடந்து கடக்கலாம், நிற்க முடியாது. இரண்டு பக்கமும் கிடுகிடு பள்ளம்.

கரட்டின் நடுவில் ஒரு சுனை. எந்தக் கோடைக்கும் வற்றாது. அதைச் சுற்றிப் பாறை இடுக்கெல்லாம் பச்சைப் பசேலென்று கொடியும் புல்லும். அங்கே நாலு புலிகள் குடியிருந்தன, நாலும் அண்ணன் தம்பிகள். மூத்தவன் பெயர் உறுமன். கடைசித் தம்பி பெயர் தாவலன்.

கீழே சமவெளியில் சிலம்பாயி என்ற பெண் பதினாறு வெள்ளாடுகளை வைத்துப் பிழைத்தாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை இல்லை. அந்தப் பதினாறும்தான் அவளுக்குச் சொத்து, சொந்தம் எல்லாம்.

காலையில் பட்டியைத் திறப்பதற்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. மெல்லிய குச்சி விளாறு வைத்துப் பின்னிய வாசல் படலை முழுதாகத் திறக்க மாட்டாள். ஓர் ஆட்டு அகலத்துக்கு மட்டும் விலக்குவாள். ஆடுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். வருகிற ஆட்டின் முதுகைத் தொட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள். வெளியே வந்த ஆடு வாசலிலேயே நிற்க வேண்டும். கடைசி ஆடு வெளியே வராமல் மந்தை நகரக் கூடாது. ஆடு மேய்க்கிற எல்லாருக்கும் இதுதான் முதல் சட்டம். முன்னால் வந்தது முன்னாலேயே போனால் அப்புறம் மேய்க்கிற வேலை இல்லை, தேடுகிற வேலைதான்.

பதினைந்து ஆடுகள் முணுமுணுத்துக்கொண்டாவது நிற்கும். பதினாறாவது நிற்காது. அவள்தான் சுட்டி. ஆட்டைப் போய் அவள், இவள் என்கிறானே என்று பார்க்காதீர்கள். வாய் ஓயாமல் பேசுகிறவளை ‘அது’ என்று சொல்ல எனக்கு வரவில்லை. நெற்றியில் வெள்ளைச் சுட்டி, காலில் சக்கரம். படல் விலகியதும் முதலில் வருவாள். முதுகில் கை படுவதற்குள் பனங்காட்டைத் தாண்டியிருப்பாள். சிலம்பாயி எண்ணுவதை விட்டுவிட்டு அவள் பின்னால் ஓடுவாள். வைவாள், கம்பை ஓங்குவாள். அடிக்க மாட்டாள். நிற்கச் சொன்னால் சுட்டிக்கு உள்ளங்குளம்பு அரிக்கும், காது துடிக்கும், அந்தப் பக்கம் என்ன இருக்கிறதோ என்று மனசு பறக்கும். என்ன செய்ய, அவள் பிறவி அப்படி.

அவளுக்கு ஒரு மகள், பெயர் மயிலை. சாம்பல் நிறம். தாய்க்கு நேர் எதிர். நில் என்றால் நிற்பாள், நட என்றால் நடப்பாள். தாய் ஓடும்போதெல்லாம் வாசலில் நின்றபடியே, “ஆத்தா, நில்லு ஆத்தா” என்று கூப்பிடுவாள். சுட்டி திரும்பி வரும்போது வாயில் ஒரு கொத்துக் கருவேலங்காய் இருக்கும், அதை மகள் முன்னால் போடுவாள். ஊரைச் சுற்றுகிறவளுக்குப் பாசம் இருக்காது என்று யார் சொன்னது? சுட்டிக்கு உலகத்திலேயே மயிலைதான் உசிர்.

இரண்டு வருஷம் மழை இல்லை. குளம் வெடித்தது. கிணறு வெடித்தது. கருவேல மரமே காய்ந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடுகளின் விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. சிலம்பாயிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பட்டிக்கும் கரட்டுக்குமாகப் பார்வை போய்ப்போய் வந்தது. அங்கே பச்சை தெரிகிறது, தண்ணீர் தெரிகிறது. புலியும் தெரிகிறது.

கடைசியில் ஒரு நாள் காலை, ஆனது ஆகட்டும் என்று கம்பை எடுத்துக்கொண்டு கரட்டு அடிவாரத்துக்குப் போய் நின்றாள். உறுமன் மேலிருந்து எட்டிப் பார்த்தான். அவனும் நன்றாக இல்லை. தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தண்ணீர் இருந்து என்ன, புல் இருந்து என்ன? புலி பசித்தாலும் புல்லைத் தின்னாதே. மானும் முயலும் எப்போதோ ஊரை விட்டுப் போயிருந்தன. ஆடுகளோ கரட்டுப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை.

சிலம்பாயி சுற்றி வளைக்கவில்லை. என் ஆடுகள் கீழே இருந்தால் தாகத்தில் சாகும், மேலே வந்தால் உன் வாயில் சாகும் என்றாள். இப்படியே போனால் அதுகளும் சாகும், நீயும் சாவாய், இதில் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டாள். உறுமன் ஒப்புக்கொண்டான். அனுப்பி வை, பார்த்துக்கொள்கிறேன் என்றான். ஒரேயடியாக நாலு பேரும் பாய்வதாக இருந்தால் அனுப்ப மாட்டேன் என்று அவள் கம்பை ஊன்றினாள்.

பேச்சு வெயில் ஏறும்வரை போயிற்று. முடிவில் இப்படித் தீர்ந்தது: சிலம்பாயி ஓர் ஆட்டைப் பாறையில் இறக்குவாள். பிறகு புலிகளில் ஒன்று ஓர் அடி வைக்கும். பிறகு ஓர் ஆடு, பிறகு ஒரு புலி. ஒரு பாறையில் இரண்டு உயிர் நிற்க முடியாதே, அதனால் புலி ஆட்டைப் பிடிக்க வேண்டுமென்றால் அதைத் தாண்டிக் குதித்து, தாண்டுகிற நேரத்தில் அடித்து, அந்தப் பக்கத்துப் பாறையில் காலூன்ற வேண்டும். அந்தப் பக்கத்துப் பாறையில் இன்னோர் ஆடு நின்றால் ஊன்ற இடம் கிடையாது, தாண்ட முடியாது. ஆடுகளுக்குத் தாண்டும் வலு இல்லை. அவை அடுத்த பாறைக்கு நடக்கலாம், அவ்வளவுதான். ஆனால் எல்லாப் புலிகளையும் அசைய விடாமல் அடைத்துவிட்டால் கரடு ஆடுகளுக்கு. புலிகள் வேறு காடு பார்த்துப் போய்விட வேண்டும்.

“எங்களை அடைக்கறதா, அதுவும் ஆடுங்க?” என்று உறுமன் சிரித்தான். “சரி தாயி. வாக்குன்னா வாக்கு.”

மறுநாள் விடிந்ததும் மந்தை கரட்டுக்கு வந்தது. பக்கவாட்டுச் சரளைச் சரிவில் எல்லாப் பாறைக்கும் ஆடு ஏறும் தடம் இருந்தது. புலியின் பாதத்துக்கு அது பற்றாது. சிலம்பாயி கீழே நின்று, எந்த ஆடு எந்தப் பாறைக்குப் போக வேண்டும் என்று கம்பை நீட்டிக் காட்டினாள். அவள் மனசில் இருந்தது பட்டி வாசல் சட்டம்தான். ஒருத்திக்கு ஒருத்தி முட்டுக் கொடுத்து நில்லுங்கள், கடைசி ஆடு இறங்கும்வரை யாரும் அசையக் கூடாது, எல்லாரும் சேர்ந்த பிறகு நகர்ந்துகொள்ளலாம் என்று படித்துப் படித்துச் சொன்னாள். சுட்டியின் காதைப் பிடித்துத் தனியாக ஒரு தரம் சொன்னாள். சுட்டி சரி சரி என்றாள். எப்போதும் சரி சரிதான்.

முதலில் இறங்கியது சுட்டி. மூன்றாவது வரிசையில் இடது ஓரப் பாறை. புலி ஓர் அடி வைத்தது. அடுத்து ஓர் ஆடு, அடுத்து ஒரு புலி. ஏழாவதாக மயிலை இறங்கினாள். அவளுக்குத் தாயின் பாறைக்கு நேர் மேலே, இரண்டாவது வரிசையின் இடது ஓரம். பின்னால் ஆத்தா நிற்கிறாள் என்ற தைரியத்தில் நிமிர்ந்து நின்றாள். உறுமன் நடந்து நடந்து அவளுக்கு நேர் எதிரே, முதல் வரிசை ஓரத்தில் வந்து நின்றான். தாண்ட முடியாது. பின்னால் சுட்டி இருக்கிறாளே. மயிலை அசையாமல் நின்றாள்.

எட்டாவது ஆடு இறங்கியது, ஒன்பதாவது இறங்கியது. சுட்டிக்கு ஆரம்பித்துவிட்டது. குளம்பு அரித்தது. காதில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. ஒரு காலை மாற்றினாள், இன்னொரு காலை மாற்றினாள். பக்கத்துப் பாறையில் ஒரு கோவைக் கொடி தொங்கிக்கொண்டிருந்தது. இலை இலையாய், கொழுகொழுவென்று. இரண்டு வருஷமாகப் பச்சையைக் கண்ணால் பார்க்காதவள். ஒரே ஒரு வாய், மகளுக்கும் ஒரு கொத்து, கண் மூடித் திறப்பதற்குள் திரும்பிவிடலாம் என்று நினைத்தாள். கீழேயிருந்து சிலம்பாயி கத்தினாள். அதற்குள் சுட்டி பக்கத்துப் பாறைக்கு நடந்துவிட்டாள்.

ஒரே ஓர் அடிதான். அது ஆடுகளின் முறையாகப் போய்விட்டது. அடுத்தது புலியின் முறை. மயிலைக்குப் பின்னால் பாறை காலி.

உறுமன் தாண்டினான். மயிலை ஒரு தரம் “ஆத்தா” என்றாள். சுட்டி திரும்பிப் பார்த்தபோது, தான் நின்ற பாறையில் புலி நின்றது, அதன் வாயில் மகள்.

ரத்த வாடை பட்டதும் தாவலனுக்குத் தலை கிறுகிறுத்தது. அடுத்தது ஆடுகளின் முறை என்பதெல்லாம் அவனுக்கு நினைவில்லை. எதிரே நின்ற ஓர் ஆட்டின்மேல் பாய்ந்தான். அந்த ஆட்டுக்குப் பின்னால் இன்னோர் ஆடு நின்றது. ஊன்ற இடம் இல்லை. ஆடு பயத்தில் படுத்துவிட்டது. தாவலன் அதன் முதுகைத் தாண்டி, விளிம்பைப் பிறாண்டி, பள்ளத்துக்குள் போனான். அந்தச் சத்தம் எழும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

உறுமன் தம்பி விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். இன்றைக்குப் போதும், மூன்றாம் நாள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு உச்சிக்குப் போனான். மயிலையையும் எடுத்துக்கொண்டுதான் போனான். துக்கம் துக்கம்தான், பசி பசிதான். நாலு புலி மூன்றாயிற்று, பதினாறு ஆடு பதினைந்தாயிற்று.

பட்டிக்குத் திரும்பியதும் சிலம்பாயி அழுதாள். அழுகை நின்றதும் கோபம் வந்தது. கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

“அவளைப் புலி கொல்லலடி. உன் காலுதான் கொன்னுச்சு.”

சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன அந்த நிமிஷமே அவளுக்கும் தெரிந்தது. சுட்டி பட்டிக்குள் ஓட ஆரம்பித்தாள். வேலியை ஒட்டி ஒரு சுற்று, இன்னொரு சுற்று. நிற்கவே இல்லை. குளம்பு வெடித்து ரத்தம் வந்தது, அப்போதும் ஓடினாள். மற்ற ஆடுகள் நடுவில் ஒண்டிக்கொண்டு அவளைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தன.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் ஓட்டம் நின்றது. சுட்டி சிலம்பாயியிடம் வந்தாள். நாளைக்கும் என்னைத்தான் முதலில் இறக்க வேண்டும் என்றாள். மயிலை நின்ற பாறையில் இறக்க வேண்டும் என்றாள்.

ஆடுகள் எல்லாம் ஒரே கத்தலாகக் கத்தின. இவளை நம்பி இன்னும் எத்தனை பேர் சாக வேண்டும் என்று கேட்டன. இவள் பட்டியிலேயே இருக்கட்டும், நாங்கள் பதினாலு பேர் பார்த்துக்கொள்கிறோம் என்றன. சிலம்பாயிக்கும் மனசு ஒப்பவில்லை. முதலில் வேண்டாம், கடைசியில் இறங்கிக்கொள் என்று நைச்சியமாகச் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் இறங்கினால் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை, உன் சுபாவத்துக்கு அதுதான் தோது என்றாள்.

“அதுக்காகத்தான் வேண்டாங்கறேன்,” என்றாள் சுட்டி. “முதல்ல போறவதான் ரொம்ப நேரம் நிக்கணும். என்னை நிக்க விடு தாயி.”

சிலம்பாயி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு சரி என்றாள். ஏன் சரி என்றாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

மூன்றாம் நாள் விடிந்தது. சிலம்பாயி இந்தத் தரம் உறுமனிடம் ஒரு புது நிபந்தனை போட்டாள். பதினைந்து ஆடும் இறங்கி முடிக்கும்வரை இறங்கிய ஆடு எதுவும் நகராது, நகர்ந்தால் அந்த ஆடே உனக்கு என்றாள். உறுமனுக்குக் கசக்குமா என்ன? ஆடு நிற்பதாவது, நடக்கிற காரியமா என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினான்.

முதலில் சுட்டி இறங்கினாள், இரண்டாவது வரிசை இடது ஓரத்துக்கு. பாறையில் மகளின் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அதன்மேல் நாலு குளம்பையும் ஊன்றினாள். ஒரு புலி அடி வைத்தது. இரண்டாவது ஆடு சுட்டிக்குப் பின்னால் போய் நின்று முட்டுக் கொடுத்தது. பிறகு ஒவ்வொன்றாக.

உறுமன் நேராக வந்து சுட்டிக்கு எதிரே, அன்றைக்கு நின்ற அதே ஓரத்தில் நின்றுகொண்டான். மற்ற இரண்டு புலிகள்தான் முறைக்கு முறை நடந்தன. அவனுக்கு நடக்க அவசியமில்லை. இவளை ஓர் அடி அசைய வைத்தால் போதும், வரிசை தானாகப் பிரியும் என்று அவனுக்குத் தெரியும். மூச்சு முகத்தில் படும் தூரம். முதலில் நைச்சியமாகப் பேசினான். பக்கத்துப் பாறைக் கொடியைக் காட்டினான், நேற்றைக்குத்தான் புதிதாகத் துளிர்த்தது என்றான். சுட்டி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. உறுமினான். பல்லைக் காட்டினான். பாய்வதுபோல் பின்னங்காலை மடக்கினான். சுட்டியின் உடம்பெல்லாம் மயிர் சிலிர்த்தது. குளம்பு அரித்தது, காது துடித்தது. ஓர் ஈ வந்து அவள் கண்ணோரத்தில் உட்கார்ந்து, சாவகாசமாக நடந்து, அடுத்த கண்ணுக்குப் போயிற்று. அவள் காதைக்கூட ஆட்டவில்லை. எனக்கு இங்கே சொல்லும்போதே உடம்பு அரிக்கிறது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

வெயில் ஏறியது. பாறை கொதித்தது. பதினாலு ஆடுகள் இறங்கிவிட்டன. பதினைந்தாவது நொண்டிக்கிடா. கிழடு, ஒரு கால் சூம்பியது, சரளையில் ஏற முடியாமல் நாலடிக்கு ஒரு தரம் நின்று இளைத்தது. எல்லார் கண்ணும் கிடாவின்மேல் இல்லை, சுட்டியின்மேல்தான் இருந்தது. இதோ நகரப்போகிறாள், இதோ ஓடப்போகிறாள் என்று ஒவ்வொருத்தியும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

உறுமனுக்கும் பொறுமை போயிற்று. கடைசி அஸ்திரத்தை எடுத்தான். குரலைத் தணித்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

“அவ கடைசியா உன்னைத்தான் கூப்பிட்டா, தெரியுமா?”

சுட்டி நாலு குளம்பையும் அந்த ரத்தக்கறைமேல் இன்னும் அழுத்தி ஊன்றினாள்.

“தெரியும். கேட்டுச்சு,” என்றாள். அப்புறம் அவள் பேசவே இல்லை.

நொண்டிக்கிடா வந்து சேர்ந்தது. “ஏன்டியம்மா, எனக்காகவா இத்தனை பேரும் நிக்கிறீங்க?” என்று கேட்டுக்கொண்டே தன் பாறையில் நின்றது. பதினைந்தும் இறங்கியாயிற்று.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அதற்குப் பிறகு ஆடுகள் பதறவில்லை. சிலம்பாயி கம்பால் காட்டக் காட்ட ஒருத்தி ஓர் அடி, அடுத்தவள் ஓர் அடி. எங்கேயும் ஒருத்திக்குப் பின்னால் காலிப் பாறை விழவில்லை. புலிகள் தாண்ட இடம் தேடித் தேடி மேலே மேலே ஒதுங்கின. சூரியன் மேற்கே சாய்வதற்குள் ஒரு புலி உச்சியில், ஒன்று அதற்குக் கீழே, உறுமன் முதல் வரிசை ஓரத்தில். மூவருக்கும் ஓர் அடி வைக்க இடம் இல்லை. முதுகுக்குப் பின்னால் செங்குத்துப் பாறை. உறுமன் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். அடைபட்டுப்போனோம் என்று அவனே சொன்னான்.

ஆடுகள் கத்திய கத்தலில் கரடே அதிர்ந்தது. சிலம்பாயி உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

ஆனால் பாருங்கள், அங்கேதான் சிக்கல். தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறது, குடிக்கப் போக முடியாது. ஒருத்தி நகர்ந்தால் ஒரு வழி திறக்கும். புலிகள் தோற்றுப் போகத் தயார்தான், ஆனால் வழி விட்டால்தானே போக முடியும்? நடுவில் எங்கே வழி விட்டாலும் புலி ஆடுகளுக்குள்ளே புகுந்து நடக்க வேண்டும். பசித்த புலியின் வாக்கை நம்பி எவள் விலகுவாள்? நீ விலகு, நீ விலகு என்று ஒருத்தி ஒருத்தியைச் சொன்னாள். வென்றவர்களும் நிற்கிறார்கள், தோற்றவர்களும் நிற்கிறார்கள். பொழுது போகிறது, நாக்கு வறள்கிறது.

இடது ஓரத்தைத் திறக்கலாம் என்று சிலம்பாயிக்குப் பட்டது. சுட்டிக்குப் பின்னால் ஓரத்தில் நிற்கும் ஆடுகள் மட்டும் விலகிவிட்டால், புலிகள் சுட்டியைத் தாண்டி ஓரமாகவே இறங்கிப் போய்விடலாம். மற்றவர்களை நெருங்க முடியாது. மற்ற எல்லாரும் தப்புவார்கள். புலி வாக்குத் தவறினால் போவது சுட்டி ஒருத்திதான். இதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. மகளையும் கொடுத்தவளிடம் எப்படிக் கேட்பது? கீழேயிருந்து கம்பை இடது ஓரத்துப் பக்கம் நீட்டிக் காட்டி, “சுட்டி, என்னடி சொல்றே?” என்று மட்டும் கேட்டாள்.

சுட்டி பதில் சொல்லவில்லை, அசையவும் இல்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவளுக்குப் பின்னால் நின்ற ஆடு ஒதுங்கியது. அதற்குக் கீழே நின்றதும் ஒதுங்கியது. முந்தாநாள் இருந்தது போலவே, அந்தப் பாறையில் நின்றவளுக்குப் பின்னால் காலி.

உறுமன் வாக்குக் கொடுத்தவன்தான். போய்விட வேண்டும் என்று நினைத்துத்தான் பின்னங்காலை மடக்கினான். ஆனால் புலி புலிதானே? தாண்டுகிற அந்த நொடியில் கீழே ஆட்டின் கழுத்து தெரிந்தது. கை தன்னால் போயிற்று. முழுப் பலத்தோடு ஓர் அறை விட்டான்.

நெருப்புப் பொறி பறந்தது. உறுமன் அந்தப் பக்கத்துப் பாறையில் விழுந்து, கையைத் தூக்கிப் பார்த்தான். நகம் நாலும் ஒடிந்து ரத்தம் வழிந்தது. அவன் திரும்பிச் சுட்டியைப் பார்த்தான். அவள் கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

“தம்பிகளா, கையை மடக்கிக்கிட்டுத் தாண்டுங்க,” என்றான். “அங்க நிக்கிறது ஆடு இல்ல.”

மற்ற இருவரும் காலை ஒடுக்கிக்கொண்டு தாண்டினார்கள். மூவரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓரமாக இறங்கிப் போனார்கள். எந்தக் காட்டுக்குப் போனார்கள் என்று தெரியாது. திரும்பி வரவில்லை.

ஆடுகள் சுனைக்கு ஓடின. விழுந்து விழுந்து குடித்தன. அப்புறம்தான் ஒருத்திக்கு நினைவு வந்து, வாடி சுட்டி, தண்ணி குடிக்க வா என்று கூப்பிட்டாள். சுட்டி வரவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். சிலம்பாயி மூச்சிரைக்க ஏறிப் போனாள். படல் வாசலில் தொடுவதுபோல் முதுகைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது. சுட்டி அச்சு அசலாய் நின்றாள், கண் திறந்தபடி, நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு, கல்லாக. எப்போது கல்லானாள், உறுமன் அறைந்தபோதா, அதற்கு முன்பே வெயிலில் நின்றபோதா, அவன் மகள் பேச்சை எடுத்தபோதா, யாருக்குத் தெரியும்? சிலம்பாயி அந்தக் கல்லின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, நான் சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்துக்கிறேன்டி, ஓடுடி, எங்கேயாவது ஓடு, நான் தேடிக்கிட்டு வரேன் என்று கதறினாள். கேட்க வேண்டியவள் கேட்கிற நிலையில் இல்லை.

பிறகு மழை வந்தது. குளம் நிறைந்தது. மந்தை பெருகியது. ஆடுகள் பழையபடி நிற்காமல் ஓடின, அவற்றை யாரும் குற்றம் சொல்லவில்லை. சிலம்பாயி மட்டும் மேய்ச்சல் காட்டில் தட்டையான பாறை ஒன்றைப் பார்த்து உட்காருவாள். செங்கல் துண்டால் கரட்டை வரைவாள்: உச்சி, அதிலிருந்து இறங்கும் கோடுகள், குறுக்கே கோடுகள், இருபத்துமூன்று இடங்கள். பெரிய கல் மூன்று எடுத்துப் புலியாக வைப்பாள். பொடிக் கல் பதினைந்து எடுத்து ஒவ்வொன்றாக இறக்குவாள். மற்ற மேய்ப்பர்கள் எதிரே உட்கார்ந்து புலியை நகர்த்துவார்கள். அவளுக்கு உடம்பு முடியாத நாளில் அவர்கள் ஆட்டுப் பக்கம் ஆடுவார்கள். எவனாவது அவசரப்பட்டு இறக்கிய கல்லைப் பாதியில் நகர்த்தப் போனால் அவன் கைமேல் பட்டென்று ஓர் அடி விழும். ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டாள். அங்கிருந்துதான் ஆடுபுலி ஆட்டம் ஊர் ஊராகப் போயிற்று, பிள்ளைகள் கைக்கு வந்தது.

அன்றைக்குத் தொடங்கியதுதான்: கோட்டின்மேல் ஆடுகளைக் கல்லாக இறக்குகிறோம், முதலில் இறங்கிய கல், புலி எத்தனை நெருங்கி வந்தாலும், பதினைந்தாவது வந்து சேரும்வரை நின்ற இடத்திலேயே நிற்கிறது.